ஒரு வால்மீனும் மூன்று பெயர்களும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவைக் குறித்துத் தமிழில் நான் படித்த வாழ்க்கைக் குறிப்புகள், 1949-ஆம் ஆண்டு வால்மீனில் தொடங்கி, 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியில் முடிகின்றன. ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் தந்தை பணிபுரிய, அதன் நிழலில் வளர்ந்த இளைஞர், ஹார்வர்டின் குளிருக்கும் உணவுக்கும் பேச்சுக்கும் எவ்வாறு பழகினார்? ஒரு வரியும் இல்லை. பயிற்சிக்கெனப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும் நம் தாய்மார்கள் முதலில் தேடுவது அதைத்தானே!

சான்றில்லை என்பது சாக்கு. அவ்வால்மீனின் பெயரே பாப்பு-போக்-நியூகிர்க். போக் பேராசிரியர், நியூகிர்க் உடனிருந்தவர். வந்த ஆண்டிலேயே அந்நியர் ஒருவர் எடுத்த ஒளிப்படத் தகட்டில் கண்டதை அவ்விருவரும் உறுதிசெய்தனர். பழக்கத்தின் கதை அங்கே இருக்கிறது. நம் எழுத்தாளர்களோ பெயரை மட்டும் பெயர்த்தெழுதிவிட்டு மலையேறிவிடுகின்றனர்.