பொறியா, விறகா?

களைத்துப்போன தையற்காரி ஒருத்தி இருக்கையைவிட்டு எழ மறுத்தாள். இளம் பாதிரியார் ஒருவர் எழுந்து முழங்கினார். ஊமையாய்க் கிடந்த மக்கள் ஒரே இரவில் ஆர்த்தெழுந்தனர். ஆதிக்கம் அடியற்று வீழ்ந்தது! அமெரிக்க நாட்டின் தென்புறத்திலே, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் மூண்ட பஸ் புறக்கணிப்புக் கிளர்ச்சியின் கதை பெரும்பாலும் இப்படித்தான் பாடப் புத்தகங்களிலே எழுதப்படுகிறது, மேடைகளிலே முழங்கப்படுகிறது.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால், கேட்டு முடித்த மாணவன், "நாங்கள் செய்ய வேண்டியது என்ன, ஐயா?" என்று வினவினால், ஆசிரியன் என்ன விடை கூறுவான்? "காத்திரு தம்பி, களைத்துப்போனவர் ஒருவர் வருவார், நாவலர் ஒருவர் தோன்றுவார்" என்பதா? புராணம் படிப்பவன் அவதாரத்துக்குக் காத்திருக்கலாம். வரலாறு படிப்பவன் காரணத்தையல்லவா தேட வேண்டும்?

அந்தக் காரணத்தைத் தேடுவோர்க்குக் கைவிளக்காகும் நூல் ஒன்று உண்டு. 'மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பும் அதைத் தொடங்கிய பெண்களும்' என்பது அதன் பெயர். எழுதியவர் ஜோ ஆன் கிப்சன் ராபின்சன் என்னும் ஆங்கிலப் பேராசிரியை. நூல் வெளிவந்தது 1987-இல்; அதாவது, கிளர்ச்சி முடிந்து முப்பதாண்டுகள் கழிந்த பின்னர். அவர் பணியாற்றிய கல்லூரி மாநில அரசின் பணத்தில் நடந்தது. பெயர் வெளிப்பட்டால் கல்லூரிக்கே கேடு சூழும். ஆகவே, பதவி நாடாது, பின்னணியில் நின்றே உழைத்தார்.

அவர் காட்டும் முதல் உண்மை கசப்பானது. 1949-இல், ஏறத்தாழக் காலியாக இருந்த பஸ்ஸில், வெள்ளையர்க்கென ஒதுக்கிய முன்பகுதியில் அறியாது அமர்ந்தார். ஓட்டுநன் சீறினான். கண்ணீரோடு இறங்கி ஓடினார். ஏதேனும் செய்யவேண்டும் என்று தம் கழகத்துத் தோழியரிடம் முறையிட்டார். மூத்தோர் தந்த விடை என்ன? இந்த ஊரில் இது வாடிக்கைதான் என்பதே! இழிவு இருந்தது, சினம் இருந்தது, இயக்கம் இல்லை. துன்பம் ஒன்றே இயக்கத்தை ஈன்றெடுக்கும் என்றால், அந்நகரில் நாள்தோறும் ஒரு கிளர்ச்சி பிறந்திருக்க வேண்டாமா?

இல்லாத இயக்கம் எவ்வாறு உருவாயிற்று? மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற பேராசிரியை 1946-இல் தொடங்கிய மகளிர் அரசியல் கழகத்துக்கு ராபின்சன் 1950-இல் தலைவரானார். பஸ் கொடுமைகளைப் பற்றி நகர ஆட்சியிடம் முறையிட்டனர். 1953-இல் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்துத் தங்கள் கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிச் சென்று வழிகாட்டினர். 1954 மே 17-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதெனத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாளில், மே 21-இல், ராபின்சன் நகர மேயருக்கு மடல் தீட்டினார். பஸ்ஸில் செல்வோரில் நான்கில் மூவர் கறுப்பினத்தார். அவர்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது என்று எடுத்துரைத்தார். ரோசா பார்க்ஸ் கைதாவதற்குப் பதினெட்டுத் திங்களுக்கு முன்னரே எழுதப்பட்ட மடல் அது!

பொறியும் அன்றுதான் முதன்முதல் விழுந்ததா? இல்லை. 1955 மார்ச்சில் பதினைந்து வயது மாணவி கிளாடெட் கோல்வின் எழ மறுத்துக் கைதானாள். அக்டோபரில் பதினெட்டு வயது மேரி லூயிஸ் ஸ்மித் கைதானாள். டிசம்பர் முதல் நாள் கைதான பார்க்ஸ் அம்மையாரும் வழியோடு போன ஒருவரல்லர். வண்ண மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு 1943-இலேயே செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்த ஆண்டுக் கோடையில்தான் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். உடற்களைப்பால் எழவில்லை என்ற கதையைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே மறுத்தார்.

அன்றிரவு நடந்ததை ராபின்சன் விவரிக்கும் பகுதியே நூலின் உயிர்ப்பகுதி. கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரம் இரவெல்லாம் ஓடிற்று. அவரும், உடன் பணியாற்றும் ஒருவரும், மாணவர் இருவரும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டு, வெட்டி, கட்டி முடித்தனர். பொழுது விடிந்ததும் அவை பள்ளிக்கும் கடைக்கும் தெருவுக்கும் பறந்தன. மாலையில் தலைவர்கள் கூடியபோது, திங்கட்கிழமை பஸ் ஏறாதீர் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டிருந்தது. திங்கள், டிசம்பர் 5. பஸ்கள் வெறுமையாய் ஓடின. அன்று பிற்பகல்தான் மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் அமைந்தது. அன்றுதான் இருபத்தாறு வயது மார்ட்டின் லூதர் கிங் அதன் தலைவரானார். கிங் கிளர்ச்சியைப் படைக்கவில்லை; கிளர்ச்சியே கிங்கைக் கண்டெடுத்தது. இதனால் அவர் பெருமை குன்றாது. நமது பொறுப்புத்தான் கூடுகிறது.

381 நாள் அக்கிளர்ச்சி நின்றது எதனால்? ஏறத்தாழ முந்நூறு கார்கள் முறைவைத்து மக்களை ஏற்றிச் சென்றன. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தோழியரைச் சேர்த்து, பலகாரம் செய்து விற்று நிதி தந்தார். தேவாலயங்களில் கூட்டம் ஓயவில்லை. முதலில் வைத்த கோரிக்கைகள் மிக எளியவை: மரியாதையாக நடத்துதல், முந்தி வந்தவர்க்கு முந்தி இடம், கறுப்பினத்தார் வாழும் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர். பிரிவினையை ஒழி என்றுகூட அன்று கேட்கவில்லை! ஆட்சியாளர் அதையும் மறுத்தனர். 1956 ஜனவரி 30-இல் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அடுத்த இரண்டாம் நாள், பிரிவினையே செல்லாதென வழக்குத் தொடுக்கப்பட்டது. அடக்குமுறை கோரிக்கையை வளர்த்தது! நவம்பர் 13-இல் தலைமை நீதிமன்றம் அவ்வழக்கில் மக்கள் பக்கம் நின்றது.

அவ்வழக்கின் பெண்கள் நால்வரில் ஒருத்தி யார்? மறக்கப்பட்ட மாணவி கோல்வின்! அவளை ஏன் முன்னிறுத்தவில்லை? சிறுமி, ஏழை, பின்னர் கருவுற்றவள். எதிரி தூற்றுவான் என்று தலைவர்கள் அஞ்சினர். போர்த்தந்திரம் என்ற அளவில் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் கேட்கிறேன்: சமத்துவம் கேட்க வந்த இயக்கம், சமுதாயத்தின் பழைய தராசிலேயே தன் வீராங்கனையை நிறுத்தது முறையா? 'தொடங்கிய பெண்கள்' என்ற தலைப்பும் கல்லூரிக் கழகத்தாரையே நம் கண்முன் நிறுத்துகிறது. நடந்து நடந்து கால் தேய்ந்த சமையற்காரிகளையும் வேலைக்காரிகளையும் அவர்களுக்கு இணையாக நிறுத்திப் படிப்பதே நேர்மை.

இனி, மக்கள் ஏன் சேருகின்றனர்? 1964-இல் மிசிசிப்பி சென்று தொண்டாற்ற விண்ணப்பித்த மாணவர்களை டக் மக்காடம் என்ற சமூகவியலார் ஆராய்ந்தார். சென்றவர் 720 பேர். ஏற்கப்பட்டும் பின்வாங்கியவர் 239 பேர். கொள்கைப் பற்றில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு எதில்? சென்றவர்கள் அமைப்புகளில் மிகுதியாகப் பங்கு கொண்டவர்கள். உடன் செல்லும் தோழர்களையும் மிகுதியாகப் பெற்றிருந்தவர்கள். கொள்கை உள்ளத்தைத் திறக்கிறது. தோழன் கைதான் வாசலைத் தாண்ட வைக்கிறது.

தோழர்களே, பொறி எப்போது விழும் என்று எவரும் கணித்துச் சொல்ல இயலாது. விறகு சேர்ப்பதோ நம் கையில் இருக்கிறது. உங்கள் தெருவில் படிப்பகம் உண்டா? உறுப்பினர் பட்டியல் உண்டா? நாளை ஒரு கோல்வின் கைதானால், அன்றிரவே துண்டறிக்கை அச்சிட நான்கு பேர் உண்டா? தலைவர் யார் என்று கேட்குமுன், இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.