தூங்குவது எந்தச் சாதனம் என்று முதலில் பாருங்கள்

லினக்ஸ் மடிக்கணினியில் சில விநாடி தொடாமல் விட்ட மவுஸ் அசைய மறுக்கிறது. பட்டனை அழுத்தினால்தான் விழிக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க் கோப்பு நகலெடுக்கும்போது பாதியில் காணாமல் போகிறது. இரண்டுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஒன்றே: கர்னல் துவங்கும்போதே, சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் அளவை மைனஸ் ஒன்றாக்கி, தூக்கத்தையே ஒழித்துவிடுவது. நோய் எதுவென்று பார்க்காத மருந்து இது. இதைவிட நல்ல கருவி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 'சிஸ்' அடைவில் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்துக்கும் 'பவர்' என்றொரு கோப்புறை உண்டு. அதில் இருப்பவை சில உரைக்கோப்புகள்தான், ஆனால் கை வைப்பதற்கு முன்பே சாட்சியம் தருகின்றன.

சாதனம் இணைந்திருந்த மொத்த நேரத்தை ஒரு கோப்பும், அதில் விழித்திருந்த நேரத்தை இன்னொரு கோப்பும் மில்லிவிநாடியில் சொல்கின்றன. இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறினால் அந்தச் சாதனம் தூங்கவே இல்லை. தூக்கத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இடைவெளி விழுந்தால் 'கன்ட்ரோல்' கோப்பைப் பாருங்கள். 'ஆட்டோ' என்றிருந்தால் தூங்க அனுமதி உண்டு, 'ஆன்' என்றால் இல்லை. கர்னல் தானாகத் தூங்கவிடுவது பெரும்பாலும் ஹப்களை மட்டுமே. தூங்கவைக்குமுன் அது காத்திருக்கும் நேரம் வழக்கமாக 2 விநாடி. ஆகவே மவுஸ் 'ஆட்டோ'வில் நின்றால் அநேகமாக வேறொரு மென்பொருள் மாற்றியிருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியின் ஆட்டோ-டியூன். தூங்க அனுமதிக்காத எதையும் அது 'பேட்' என்று முத்திரை குத்தி, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 'குட்' ஆக்கிவிடும். மின்சாரக் கணக்கில் அது சரி. கையில் மவுஸ் பிடித்திருப்பவரை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹார்ட் டிஸ்க் கதை வேறு. 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று எழுதித் தூக்கத்தை நிறுத்திய பிறகும் இணைப்பு அறுந்தால் டிமெஸெக் கட்டளை காட்டும் கர்னல் பதிவுக்குப் போக வேண்டும். ஓவர்-கரண்ட் என்ற எச்சரிக்கை இருந்தால் போர்ட்டின் மின் வரம்பு மீறப்பட்டிருக்கிறது. மைனஸ் 71 என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் அதிகபட்ச மின்னோட்டத்தை நம்பி ஏமாற வேண்டாம். அது சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அளந்து பார்த்ததல்ல. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும், 3.0 போர்ட் 900 வரை. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் அந்த வரம்புக்குள்தான் எல்லாச் சாதனங்களும் பங்கு போட வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எந்நேரமும் மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணினியில் அப்படிச் செய்வதில் பெரிய நஷ்டம் இல்லைதான். மடிக்கணினியில் உண்டு: ஒரே ஒரு சாதனம் விழித்திருந்தாலும் அது தொங்கும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் தூங்க முடியாது, பேட்டரி கரையும். 'கன்ட்ரோல்' கோப்பில் எழுதியது சாதனத்தைக் கழற்றி மாட்டியதும் அழிந்துவிடும் என்ற இன்னொரு குறை நியாயமானது. நிலைக்க வேண்டுமானால் சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு, லினக்ஸின் சாதன மேலாளரான யூடெவுக்கு ஒரு விதி எழுத வேண்டும். புதியவருக்கு அது சுலபமல்ல. அந்த வேலை பிடிக்காதவர்கள் டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். விசைப்பலகையையும் மவுஸையும் அது முன்னிருப்பாகவே தூங்கவைக்காமல் விட்டுவிடும். மற்றவர்கள் பவர்டாப்பைப் பார்வையிட மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டோ-டியூனைத் தொடக்க நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள்.