‘உயிரில்லை’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

நமது விமர்சனத்தில் அதிகம் புழங்கித் தேய்ந்த சொற்களில் ஒன்று ‘உயிர்’. கவிதையில் உயிரில்லை, நாடகத்தில் உயிரில்லை, உரைநடை செத்துக் கிடக்குது. சொன்னவர் அதோடு எழுந்து போய்விடலாம். எங்கே, எதனால் போச்சு என்று அவரை யாரும் கேட்பதில்லை. இந்தச் சொல்லை விசாரிக்க இலக்கியத்தைவிடக் கிதார் பட்டறை தோதான இடம் என்று நினைக்கிறேன். கையால் செய்த கிதார் பார்க்க லட்சணமாக இருக்கும். மீட்டினால் ஒலி எழாது. செய்தவரும் ‘உயிரில்லை’ என்றுதான் சொல்வார். ஆனால் அவருக்கு அது தீர்ப்பு அல்ல, வேலையின் ஆரம்பம்.

கம்பி தானாக அதிகக் காற்றை அசைப்பதில்லை. அதன் அதிர்வு, அது உட்கார்ந்திருக்கும் எலும்புத் துண்டின் வழியாகக் குதிரைக்கும், குதிரையிலிருந்து மேற்பலகைக்கும் போகிறது. பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளும்போதுதான் நாம் கேட்கிறோம். ஆகவே பலகை லேசாக, எளிதில் அசைவதாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதை அது வருஷக்கணக்கில் தாங்கியாக வேண்டும். அசையவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். இந்த முரண்தான் கிதார். ரொம்பச் செதுக்கினால் பலகை வளைந்துபோகும். செதுக்காமல் விட்டால் உடையாது, பாடவும் பாடாது.

இங்கேதான் பயம் வேலை செய்கிறது. உடைந்துவிடுமோ என்று செய்பவர் பலகையைச் சற்றுத் தடிமனாக விடுகிறார். ‘சற்று’ என்பது ஏமாற்றுகிற சொல். தடிமன் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆனால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும். விறைப்போ 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஏன்னா, விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறுகிறது. பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குசட்டங்களின் உயரத்துக்கும் இதே கணக்கு. அரை மில்லிமீட்டர் பயம் பலகையை ஊமையாக்கப் போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது, அது முக்கியம். முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய கம்பி மேல்சுரங்களை இழந்து மந்தமாகிவிடும். பிறகு ஈரம். ஈரம் ஏறிய பலகை கனத்து, அதிர்வை விழுங்கும். காற்றின் ஈரப்பதம் 45-50 சதவீதம் உள்ள அறையில் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எலும்புத் துண்டு பள்ளத்தில் முழுதாக அமர்ந்திருக்கிறதா, கம்பி அதன்மேல் போதிய கோணத்தில் மடங்குகிறதா, உள்ளே சட்டம் ஏதாவது ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு குதிரையருகே விரலால் தட்டிக் கேட்பது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஒலி 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பலகையின் முதல் ஒலி 200ஐ ஒட்டியும் இருப்பது வழக்கம். பலகையின் ஒலி அதைவிட ரொம்ப மேலே போய், வறண்டு, உடனே அறுந்தால் விறைப்பு அதிகம். கீழே இறங்கி மந்தமாக இருந்தால் எடை அதிகமாக இருக்கலாம்; குதிரையே கனமாக இருக்கலாம், வார்னிஷ் தடித்திருக்கலாம். விறைப்புதான் என்று உறுதியானால், ஒலித்துளை வழியாகக் கையை விட்டுச் சட்டத்தை இழை இழையாகச் சீவித் திரும்பவும் தட்டிக் கேட்பார்கள். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் அது கடைசி.

இவ்வளவையும் தாண்டிக் குதித்து ஊர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: மரம் சரியில்லை. நல்ல குடியில் பிறந்த மரமாக இருந்தால் பாடியிருக்கும்! இந்தப் பேச்சில் வரும் உயர்குடி, பிரேசில் ரோஸ்வுட். அது அருகிப்போய் 1992இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முன்பே, 1969 வாக்கில், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிவிட்டது. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. பிறப்புப் பெருமைக்கு வெட்டப்படுவது காடு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெருமைக்கு ஆதாரம் உண்டா? ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தில் வைத்து ஒரு கிதார் செய்தார். அது பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995இல் பாப் டெய்லர் சரக்கு அடுக்கும் கழிவுப் பலகைகளிலிருந்து ஒரு கிதார் செய்து காட்டினார். 2018இல் வெளியான இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, முதுகு - பக்க மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்தது. மங்கிய வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி. எந்த மரம் என்று பார்க்க வழியில்லை. விலை உயர்ந்ததற்கும் மலிவானதற்கும் அவர்கள் போட்ட மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணை மூடியதும் குலம் காணாமல் போய்விட்டது.

மரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்பலகையின் எடைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம் நிச்சயமாக முக்கியம். ஆனால் ஒரே இனத்தில், ஒரே மரத்தில்கூடப் பலகைக்குப் பலகை அது மாறும். கையிலிருக்கும் துண்டை வளைத்து, தட்டி, எடை போட்டுத்தான் அறிய முடியும். வம்சாவளியை விசாரிப்பவர் இந்த உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். செய்த கையின் பொறுப்பைப் பிறப்பின் மேல் போடும் இந்தத் தந்திரம் நமக்குப் புதுசா என்ன? பள்ளிக்கூடத்திலும் சபாவிலும் ‘ரத்தத்துல இருக்கணும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

பயம் தனிமனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. மார்ட்டின் கம்பெனி முன்பு சட்டங்களைக் குழிவாகச் சீவி லேசாக்கி வந்தது. வாசிப்பவர்கள் கனத்த கம்பிகளைப் போட, பலகைகள் உப்பிப் பழுதுக்குத் திரும்பி வந்தன. 1944இல் சீவுவதை நிறுத்தினார்கள். கிதார்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் கலைஞர்கள் போருக்கு முந்தைய பழைய கிதார்களையே தேடி அலைந்தார்கள். 1976இல் எச்டி-28 என்ற மாதிரியில் குழிவான சட்டம் திரும்பி வந்தது. புகார் வராமல் இருப்பதையே தரம் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த 32 வருஷங்கள் சாட்சி.

நம் அமைப்புகளையும் பத்திரிகைகளையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பிளவுக்குப் பிறகும் ஒரு சட்டம் கூடுதலாக ஒட்டுகிறோம். ஒரு விதி, ஒரு விலக்கல், ஒரு சரியான நிலைப்பாடு. பிறகு ஏன் யாரும் அதிர்வதில்லை என்று ஆளெடுப்பில் குறை காண்கிறோம். இதற்காக எல்லாவற்றையும் சீவி எறி என்பதல்ல வாதம். 70 கிலோ இழுவை நிஜம். எது பாரத்தைத் தாங்குகிறது, எது பயத்தில் ஒட்டியது என்று தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

விமர்சகனிடம் நான் கேட்பதும் இதையேதான். உயிரில்லை என்கிறாயா, சரி. கம்பி பழசா, காற்று ஈரமா, பலகை தடிப்பா? வரிசையாகச் சொல்லு. எழுதியவன் பிறந்த இடத்தைப் பிறகு பேசலாம்.