தொடப்படாத கரண்டு நாப்

எந்த எலெக்ட்ரானிக்ஸ் லேப் மேனுவலையும் புரட்டிப் பாருங்கள். தேவையான கருவிகள் பட்டியலில் 'ஆர்.பி.எஸ்., (0–30) வோல்ட், 1' என்று ஒரு வரி இருக்கும். ரெகுலேட்டட் பவர் சப்ளையின் சுருக்கப் பெயர் அது. எத்தனை வோல்ட் என்பதை அச்சிட்டவர்கள் எத்தனை ஆம்பியர் என்பதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அந்தப் பெட்டியின் முகப்பில் வோல்ட்டேஜுக்கு ஒரு நாப், கரண்டுக்கு ஒரு நாப் என்று இரண்டு இருக்கின்றன. பட்டியல் ஒன்றை மறந்தது, ஆய்வகமும் மறந்துவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் நான் படித்த ஆய்வகத்தில் வகுப்பு தொடங்கும்போதே ஒரு குரல் வரும்: "ஏலே, கரண்டு நாபை ஃபுல்லா வலப்பக்கம் திருப்பிருங்க. பொறவு அதத் தொடாதீங்க." அரசு பொறியியல் கல்லூரி 1981இல் வந்த பிறகு, தாமிரபரணிக் கரையில் பொறியியல் படிப்பு பெருகியிருக்கிறது. பாலிடெக்னிக்குகளும் பேட்டை ஐ.டி.ஐ.யும் உண்டு. கரண்டு நாபைக் கோடியில் நிறுத்தும் பழக்கம் இங்கே மட்டும் உள்ளதல்ல. தமிழகம் முழுக்க இப்படித்தான். அது சரியா என்பதே கேள்வி.

முதலில், பழக்கத்துக்குச் சாதகமானதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மணி நேர லேப். ஒரு பெட்டியைச் சுற்றி மூன்று நான்கு பேர். மொத்த வகுப்புக்கும் ஒரு லேப் அசிஸ்டென்ட். கரண்டு எல்லை தாழ்ந்திருந்தால் வோல்ட்டேஜ் திடீரென்று சரியும், 'சி.சி.' (கான்ஸ்டன்ட் கரண்ட்) விளக்கு எரியும், 'சார், சப்ளை வரல' என்று பத்து மேசைகளிலிருந்து குரல் எழும். நாபைக் கோடியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியும் எளிதில் சாகாது. இரண்டு ஆம்பியர் பெட்டியை ஷார்ட் செய்தாலும் அது இரண்டு ஆம்பியரோடு நின்று தன்னைக் காத்துக்கொள்ளும். நேரம் மிச்சம், கருவி பத்திரம், அளவீடுகள் நோட்டில் ஏறிவிடும்.

ஆனால் பத்திரமாவது பெட்டி மட்டும்தான். 741 ஓபாம்ப் ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். வேலை செய்ய அது எடுப்பது இரண்டு மில்லிஆம்பியர் அளவு. அதன் வெளியீட்டை ஷார்ட் செய்தாலும் சுமார் 25 மில்லிஆம்பியரில் தானே நின்றுவிடும். அதற்கு ஏன் 2,000 மில்லிஆம்பியரைத் திறந்துவிட வேண்டும்? 4ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் போகும் வயர்களை ஒரு மாணவி மாற்றிச் செருகிவிட்டாள் என்று வையுங்கள். நாப் கோடியில் இருந்தால் ஐ.சி. சுடும், கருகல் வாடை வரும், சில நேரம் மேல்மூடி விரிசலிடும். எல்லை 50 மில்லிஆம்பியரில் இருந்தால் வோல்ட்டேஜ் மீட்டர் சட்டென்று தரைக்கு இறங்கும், சி.சி. விளக்கு எரியும். ஐ.சி. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முக்கியமானது என்னவென்றால், பெட்டி அவளிடம் 'தப்பு இருக்கிறது' என்று சொல்லியிருக்கும். நாம் அந்த விளக்கைத் தொல்லை என்கிறோம். பெட்டிக்கு இருக்கும் ஒரே வாய் அதுதான்.

தாமிரபரணிப் படுகைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விடும்போது அணைக்கட்டில் நீர் நிற்கும் உயரம் வேறு, மடை திறந்திருக்கும் அளவு வேறு என்று எந்த விவசாயிக்கும் தெரியும். மடையைச் சுருக்கினால், அதற்கு மேல் வயல் கேட்டாலும் கிடைக்காது. கால்வாயில் மட்டம் தாழும். சி.சி. நிலையில் வோல்ட்டேஜ் சரிவதும் அதுதான். வயலுக்குத் தெரிந்து மடை திறக்கிறவர்களின் பிள்ளைகள், லேபில் மட்டும் மடையை முழுசாகத் திறந்துபோட்டுவிட்டு நடக்கிறார்கள்.

இரண்டாவது குறை, பல வெளியீடுகளைக் கையாள்வதில் இருக்கிறது. வழக்கமான பெட்டியில் 0–30 வோல்ட் இரண்டு, 5 வோல்ட் ஒன்று. ஓபாம்ப்புக்கு +15, –15 வேண்டுமானால் ஒன்றின் கழித்தல் முனையை மற்றதின் கூட்டல் முனையோடு சேர்க்க வேண்டும். அந்தச் சந்திப்புதான் சர்க்யூட்டின் பூஜ்யம். மாணவர்களோ நடுவில் இருக்கும் பச்சை முனையைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெட்டியின் உடம்போடும் எர்த்தோடும் சேர்ந்தது. தனியாக இணைத்தால் ஒழிய சர்க்யூட்டுக்கும் அதற்கும் உறவில்லை. 'டிராக்கிங்' பட்டனை அழுத்தினால் ஒரு நாபே இரண்டையும் சமமாக ஏற்றும் இறக்கும். வசதிதான். ஆனால் பூஜ்யம் எங்கே உருவாகிறது என்பதைக் கையால் ஒருமுறை இணைத்துப் பார்க்காதவருக்கு அந்த வசதி வெறும் மூடுதிரை. பல பெட்டிகளில் 5 வோல்ட் வெளியீடும் தனித்தே மிதக்கிறது. அதன் கழித்தல் முனையைப் பொதுவோடு சேர்க்காமல் 'டிஜிட்டல் பகுதி ஒர்க் ஆகல' என்று தவிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

மூன்றாவது, சூடு. இவை பெரும்பாலும் லீனியர் வகை. சத்தமில்லாத சுத்தமான வெளியீடு இவற்றின் பலம். அதற்கு விலை வெப்பம். உள்ளே 35 வோல்ட் நிற்க, வெளியே 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால், மீதி 30 வோல்ட்டை டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும்: 60 வாட். இதைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை ரிலே வைத்து மாற்றும் பெட்டிகளும் உண்டு; நாபைத் திருகும்போது உள்ளே 'டிக்' என்று கேட்பது அதுதான். கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், ஹீட்சிங்கைச் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்கு முழு எல்லை என்பது கருணை அல்ல.

அதற்காக எல்லையை எப்போதும் குறுக்கிவை என்பதும் தவறான பாடம். ஜி.எஸ்.எம். மாட்யூல் ஒன்று சிக்னல் அனுப்பும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டியின் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அரை ஆம்பியரில் எல்லை வைத்தவர் மாட்யூல் ஏன் ரீசெட் ஆகிறது என்று நாள் முழுக்கத் தேடுவார். எல்லை எல்லாவற்றையும் காக்கும் என்பதும் உண்மையல்ல. 12 வோல்ட்டை ஏற்றி வைத்துவிட்டு, எல்லை 20 மில்லிஆம்பியர்தானே என்று எல்.ஈ.டி.யை நேரடியாகச் செருகினால், வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் எல்லையைக் கேட்காமல் பாயும்.

ஆக, எந்த எண்ணில் நாப் நிற்கிறது என்பதல்ல, யோசித்து வைத்ததா என்பதே விஷயம். வோல்ட்டேஜை இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறக்கி, இரு முனைகளையும் ஒரு வயரால் சேர்த்து, கரண்டு நாபை வேண்டிய அளவுக்குத் திருகி, வயரை எடுத்துவிடுங்கள். பிறகு வோல்ட்டேஜை ஏற்றுங்கள். அரை நிமிட வேலை.

லேப் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த செமஸ்டரின் முதல் எக்ஸ்பெரிமென்ட்டாக அந்தப் பெட்டியையே வையுங்கள். கருவிகள் பட்டியலில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியரையும் எழுதச் சொல்லுங்கள். வைவாவில், 'இந்த நாபை ஏன் இங்கே வைத்தாய்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.