பாயில் இருப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், அது அயலட்டைக்குத் தெரிய முன்னரே மிட்வைவ் மிஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். எட்டு வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. படலையைத் திறந்துகொண்டு வந்து இருந்து, முதற்பிள்ளையா, முன்னம் ஏதும் கலைந்ததா, குடும்பத்தில் சீனி வருத்தம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். பிறகு கிளினிக்கில் நிறை, உயரம், பிரஷர், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான், "பின்னேரத்தில கொஞ்சம் நடவுங்கோ பிள்ளை, ஒரேயடியாப் படுத்துக் கிடக்காதேங்கோ" என்ற பேச்சு வரும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஒழுங்கு இது. ஒரு சதமும் வாங்குவதில்லை.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையின் மகளோடு அங்கே ஒரு யோகா வகுப்புக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணம் என்று கேட்டவுடன் பயிற்சி கொடுக்கிற பெண், "உங்க ஊர்ல இதெல்லாம் எங்க ஆன்ட்டி? மாசமா இருந்தா படுக்க வெச்சிடுவாங்கல்ல?" என்றார். நல்ல பிள்ளைதான், மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய கைப்பக்குவத்தில் குறை சொல்ல மாட்டேன். பத்தகோணாசனத்தில் இருந்த என் பெறாமகளின் இரண்டு முழங்காலுக்கும் கீழே மடித்த போர்வையைச் செருகி, முதுகைச் சுவரோடு சாய்த்துவிட்டார். கர்ப்பகாலத்தில் மூட்டு நார்கள் இளகியிருக்கும், வளைகிறதே என்று வளைக்கக்கூடாது என்று விளங்கப்படுத்தினார். கபாலபாதி கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பேச்சுக் கொடுத்தபடியே செய்ய முடியவேண்டும், பேச மூச்சு முட்டினால் அது கூடிப்போச்சு என்று அர்த்தம். இருபது வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து கிடந்தால் கருப்பை பெரிய நாளத்தை அழுத்தி இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைக் குறைக்கும் என்பதால், கடைசி ஓய்வுக்கு எல்லாரையும் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார். இவ்வளவு நுணுக்கமாக எங்கள் கிளினிக்கில் ஒருவரும் பாயில் இருத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆனால் அங்கே வாசலில் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "டாக்டர் ஓகே சொல்லிட்டாங்களா?" வகுப்பு பாதி போன பிறகு, புதிதாக வந்த ஒரு பெண் தனக்கு நஞ்சு கீழே இருப்பதாக ஸ்கானில் சொன்னார்கள் என்றாள். பயிற்சி கொடுத்தவர் முகம் மாறி, உடனே நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது முழுக்கச் சரி. எங்கள் கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் கார்ட்டில் அந்த நஞ்சையே சூல்வித்தகம் என்று எழுதியிருப்பார்கள். எழுதியதை வாசிக்கிற மிஸ் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்வருகிறவர். அப்படிப்பட்ட ஒருத்தி எங்கள் பக்கத்தில் தையல் மெஷினில் இருக்கப் போனாலே மிஸ் ஏசுவார்.

தமிழ்நாட்டிலும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார்கள், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபா உதவித்திட்டம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து யோகாவுக்கும் இயற்கை மருத்துவத்துக்கும் அரசே ஒரு மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. கைதடியில் சித்த வைத்தியசாலை வைத்திருக்கும் எங்களுக்கு அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிராம சுகாதார செவிலியர் ஒருவரைக் கண்டு பேசக் கிடைக்கவில்லை. தங்கையின் மகள் இருப்பது மாடிக் குடியிருப்பு, அங்கே எவரும் வந்து கதவைத் தட்டியதில்லை. இலட்சம் பிறப்புக்கு இறக்கும் தாய்மார் 2018-20இல் தமிழ்நாட்டில் 54 பேர், இந்தியா முழுவதும் 97. இந்தியாவில் தமிழ்நாடு நன்றாகச் செய்கிற மாநிலம்தான். அதே காலத்தில் இலங்கையில் 30 அளவில். போரும் இடப்பெயர்வும் பார்த்த நாடு என்பதையும் சேர்த்து இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100க்கு 60க்கு மேல் சிசேரியன் என்று அவர்களுடைய தேசியக் கணக்கெடுப்பே சொல்லுகிறது. எங்கள் பக்கமும் அது கூடிக்கொண்டுதான் வருகிறது.

யோகம் எங்களுக்குப் புதிதென்று நினைப்பதுதான் கூடுதலாக வலிக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. அந்த நூலைப் படித்து வந்தவர்கள் நாங்கள். அப்பியாசம் என்ற சொல் எங்கள் வீடுகளில் அன்றாடப் பேச்சு. உரலும் கிணற்றடியும் இருந்த காலத்தில் பிள்ளைத்தாச்சிகள் ஒன்பதாம் மாதம் வரைக்கும் குந்தி எழும்பினார்கள். படுக்கவைத்தவர்கள் என்று எங்களைச் சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

இப்போது உரலும் இல்லை, கிணற்றில் மோட்டர் பூட்டியாயிற்று. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு "கொஞ்சம் நடவுங்கோ" மட்டும் போதாது. மருத்துவர் தடை சொல்லாதவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மார் வகுப்பு ஏற்கெனவே நடக்கிறது, கணவன்மாரையும் கூட்டிவரச் சொல்கிறார்கள், கார்ட்டும் தாய்மாரின் கையிலேயே இருக்கிறது. கதிரைகளை ஓரமாக்கினால் பத்துப் பாய் விரிக்க இடம் வரும். போதனா வைத்தியசாலையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட், கைதடியிலிருந்து யோகம் தெரிந்த ஒரு சித்த வைத்தியர், பக்கத்தில் எங்கள் மிஸ். மாதம் ஒருக்கால் வைத்தாலே போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இதைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.