மூன்று திறப்புகளும் ஒரு கடவுச்சொல்லும்

கண்டி தலதா மாளிகையில் புனித தந்தம் வைக்கப்பெற்றிருக்கும் பேழையின் திறப்புகள் ஒருவர் கையில் இருப்பதில்லை. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்கர்கள் இருவரிடமும் தியவதன நிலமேயிடமும் அவை பிரிந்திருப்பதை இந்நகரத்துச் சிறுவர்களும் அறிவர். அம்மாளிகைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கந்தோர்களிலோ, ஆயிரக்கணக்கானோரின் பெயரும் சம்பளமும் கடனும் பதிந்திருக்கும் தரவுத்தளங்கள், மேசைக் கண்ணாடியின்கீழ்ச் செருகிய துண்டுக் காகிதத்தில் எழுதிய ஒரே கடவுச்சொல்லால் திறக்கப்படுவதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்.

ஒரே கணக்குக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடும் இவ்வழக்கம் தீய எண்ணத்தில் பிறந்ததன்று. திங்கட்கிழமை காலையில் பேராதனைக் கிளையிலிருந்து ஓர் இலிகிதர் வேண்டிய பதிவைத் திறக்க முடியாமல் தவிக்க, வாசலில் சனம் வரிசை கட்டி நிற்க, தொலைபேசியில் அகப்பட்ட கணினிக்காரர், "எல்லாப் பெர்மிஷனையும் குடுத்துப் பாருங்கோ" என்கிறார்; கொடுத்ததும் பதிவு திறக்கிறது. அன்று கொடுத்த அதிகாரத்தை மீளப் பெற வேண்டுமென்ற நினைவு மட்டும் எவருக்கும் வருவதில்லை.

அம்முறையின் நன்மையை மறைப்பது நியாயமாகாது. கோளாறு அனுமதியிலா வேறெங்குமா என்பதைச் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டும் பரிசோதனை என்ற அளவில் அது பயனுடையதே. முழு அதிகாரம் கொடுத்தபின்னும் பிழை நீங்காதாயின், அனுமதிப் பட்டியலை விட்டு வலையமைப்பையோ மென்பொருளையோ ஆராயலாம். தனியொருவரே எல்லாவற்றையும் பார்க்கும் சிறு கந்தோரில் காலமும் செலவும் மிச்சமாகின்றன என்பதும் உண்மை.

ஆயினும் வந்தவர் யார் என்பது ஒரு வினா. அவர் எதைச் செய்யலாம் என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் குழப்பிவிடுவதே இவ்வழக்கத்தின் முதற் குற்றம். மை எஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் 1045 என்ற பிழை எண்ணைக் காட்டினால் வாசலிலேயே மறுப்பு. 1142 என்றால் ஆள் உள்ளே வந்துவிட்டார், குறித்த ஓர் அட்டவணையில் குறித்த ஒரு செயலைச் செய்யும் உரிமைதான் இல்லை. முன்னதற்கு எத்தனை உரிமைகளை வழங்கினாலும் தீராது. பின்னதற்கு ஓர் உரிமை போதும். அத்தரவுத்தளம் பயனரைப் பெயரால் மட்டும் அறிவதில்லை, எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே அறிகிறது. ஆதலால் கண்டித் தலைமைக் கந்தோரில் செல்லுபடியாகும் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் பேராதனையிலிருந்து வரும்போது மறுக்கப்படலாம். மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரோ 18456 என்ற எண்ணை மட்டும் வாசலில் நிற்பவருக்குக் காட்டி, காரணத்தை வேண்டுமென்றே மறைக்கிறது. திருடனுக்குத் துப்புக் கொடுக்கலாகாதல்லவா? உண்மைக் காரணம் சர்வரின் பிழைப்பதிவேட்டில் நிலை எண்ணாகக் கிடக்கும்: 5 என்றால் அப்படியொரு பயனரே இல்லை, 8 என்றால் கடவுச்சொல் பிழை. பதிவேட்டில் ஒரு வரி படித்தால் தீரும் காரியத்துக்குக் கோட்டை வாசலையே பெயர்த்தெடுப்பதை நான் வைத்தியம் என்று ஒப்பமாட்டேன்.

இரண்டாவது குற்றம் இதனினும் கொடியது. நான் சில காலம் உதவி செய்துவந்த ஒரு கந்தோரில், ஒரு மாதத்துக் கொடுப்பனவுப் பதிவுகள் ஒரு மாலையில் அழிந்துபோயின. எல்லோரும் ரூட் என்னும் ஒரே முழு அதிகாரக் கணக்கினாலேயே வேலை செய்துவந்தமையால், பதிவேட்டில் ரூட் என்ற பெயரைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அன்று கடைசியாகக் கதிரையை விட்டெழுந்தவர் புதிதாய்ச் சேர்ந்த இளம்பெண் என்பதனால் சந்தேகம் அவள்மேல் விழுந்தது. அவள் செய்தாள் என்று நிரூபிக்க வழியில்லை. செய்யவில்லை என்று அவள் நிரூபிக்கவும் வழியில்லை. இரண்டு வாரம் அழுத முகத்தோடு வந்து போனாள், பிறகு வரவில்லை. தனிக்கணக்கு என்பது நிருவாகத்துக்குக் காவல் என்றே பலரும் பேசுகின்றனர். அது முதற்கண் எளிய ஊழியருக்குக் காவல் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

காவலற்ற முழு அதிகாரக் கணக்கு வெளியார் தாக்குதலுக்கும் இடங்கொடுக்கும் என்பதற்குச் சான்று உண்டு: 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் பரவிய ஸ்பைடா என்னும் புழு, எஸ்கியூஎல் சர்வரில் கடவுச்சொல்லே வைக்கப்படாத எஸ்.ஏ. என்னும் முழு அதிகாரக் கணக்குகளைத் தேடித்தேடி நுழைந்தது.

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பைப் பற்றி 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒவ்வொருவருக்கும் தம் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரமே போதும் என்ற கொள்கையோடு, ஒரு திறப்பினும் இரு திறப்புகளால் திறக்கும் பூட்டே உறுதியானது என்ற கொள்கையையும் வகுத்தனர். கண்டியில் வாழ்பவனுக்கு இரண்டாவதைக் கேட்டு வியப்பு எழாது. ஆனால் கண்டிப்பான பக்கத்திலும் குறை உண்டென்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஓர் அறிக்கையைப் படிப்பதற்குக்கூட மூன்று கையொப்பம் கேட்டு ஒரு வாரம் காக்கவைக்கும் நிருவாகி, துண்டுக் காகிதக் கடவுச்சொல்லுக்குத் தாமே தகப்பனாகிறார். வேலை நடந்தாக வேண்டிய மனிதர் பக்கத்து மேசைக்காரரின் கடவுச்சொல்லைக் கடன் வாங்கத்தானே செய்வார்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் பிறந்துவிட்ட பின்னரும், சட்டத்தால் மட்டும் இது மாறுமென்று நான் நம்பவில்லை. உரிய உரிமை உரிய நாளிலேயே கிடைக்குமானால்தான் களவு உரிமைக்குத் தேவை அற்றுப்போகும்.

முழு அதிகாரத்தைக் கொடுத்துப் பார்ப்பது சோதனையாக இருக்கும் வரை குற்றமன்று. அன்று மாலைக்குள் திரும்பப் பெறாதபோதே அது குற்றமாகிறது என்பது என் தீர்ப்பு. கந்தோர் நடத்தும் அன்பர்கள் நாளைக் காலையிலேயே தங்கள் கணினிக்காரரை அழைத்து, ரூட் கணக்கை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டறிந்து, ஒவ்வோர் ஊழியருக்கும் அவரவர் பெயரில் ஒரு கணக்கு வகுத்துக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.