கட்டி முடித்தபின் கேட்கும் அனுமதி

இங்கிலாந்தில் அனுமதி வாங்காமல் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டுவது குற்றமல்ல. ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருபது வருஷம் குடியிருந்த நம்மவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கவுன்சில் அமலாக்க அறிவித்தல் அனுப்பி, இடி அல்லது மாற்று என்று கெடு வைத்து, அந்தக் கெடுவையும் மீறினால்தான் அது குற்றமாகிறது. அப்போது விதிக்கப்படும் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அதுவரை அது வெறும் திட்டமிடல் மீறல்தான். அந்த மீறலைச் சரிசெய்துகொள்ள 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் 73ஏ பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: கட்டி முடித்த பிறகும் அனுமதி கேட்கலாம். வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் இந்தத் தாராளம் இல்லை. அங்கே கை வைத்த உடனேயே குற்றம்.

இந்த ஏற்பாட்டின் பலம் அதன் கேள்வியில் இருக்கிறது. "ஏன் கேட்காமல் கட்டினாய்?" என்பது அதிகாரியின் முதல் கேள்வி அல்ல. முன்கூட்டியே கேட்டிருந்தால் இதற்கு அனுமதி கிடைத்திருக்குமா என்றுதான் அவர் பார்க்கிறார். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் போகிறதா, அவர்களுடைய தோட்டம் நம் பார்வையில் விழுகிறதா, கூரை தெருவின் அமைப்போடு ஒத்துப்போகிறதா என்பவையே அளவுகோல். யாருக்கும் தொல்லை தராத ஒரு குசினியை, விண்ணப்பம் போடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இடித்துத் தள்ளுவதால் ஒருவருக்கும் நன்மையில்லை. இதைச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

விதிகளின் சிக்கலைப் பார்த்தால் இந்தப் பெருந்தன்மை அவசியம் என்றே படும். ஒட்டு வீடாக இருந்தால் பின்பக்கம் மூன்று மீட்டர், தனி வீடாக இருந்தால் நான்கு மீட்டர் வரை, உயரமும் மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், ஒரு மாடியில் அனுமதியே இல்லாமல் கட்டலாம். ஆனால் பிளாட்டுக்கு அந்த உரிமை இல்லை. கன்சர்வேஷன் ஏரியாவில் கட்டுப்பாடு அதிகம். சில குடியிருப்புகளில், வீடுகள் கட்டப்பட்டபோதே கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டு இந்த உரிமையைப் பறித்திருக்கும். அந்த நிபந்தனை பழைய கடிதம் ஒன்றின் நடுப்பக்கத்தில் கிடக்கும். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குப் படியேற முடியாது என்று கீழே ஓர் அறையும் ஷவரும் கட்டியவர் அந்தக் கடிதத்தைக் கண்டிருக்கவே மாட்டார். "இதுக்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லை" என்று பில்டர் சொன்னதை நம்பியவர்கள்தான் அதிகம்.

இருந்தும், தண்டிக்காத சட்டம் ஓரிடத்தில் மறைமுகமாகத் தண்டிக்கிறது. 2013 முதல் ஒட்டு வீட்டில் ஆறு மீட்டர், தனி வீட்டில் எட்டு மீட்டர் வரைகூட எளிய வழியில் நீட்டலாம். கவுன்சிலுக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் எவரும் ஆட்சேபிக்காவிட்டால் வேலை தொடங்கலாம். ஆனால் அது தொடங்குமுன் கொடுக்கவேண்டிய அறிவித்தல். கட்டியபின் அந்தப் படிவம் பயன்படாது. எனவே ஐந்து மீட்டர் நீட்டியவர் முழு அனுமதிக்கு விண்ணப்பித்து, கவுன்சிலின் வடிவமைப்புக் கொள்கையோடு மல்லுக்கட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் அதே அளவு அறை முன்னறிவித்தலால் எழுந்து நிற்பதைக் காட்டி வாதிடலாம்தான். அதிகாரி அதற்கு எவ்வளவு எடை கொடுப்பார் என்பது அவர் முடிவு.

எதிர்த்தரப்பின் முறைப்பாட்டையும் தட்டிக்கழிக்க முடியாது. முறையாகப் போனவர் வரைபடக்காரருக்குப் பணம் கொடுத்து, எட்டு வாரம் காத்திருந்து, அதிகாரி சொன்னதற்காகச் சுவரை அரை மீட்டர் உள்ளே தள்ளுகிறார். கேட்காமல் கட்டியவரும் கடைசியில் அதே கட்டணத்தைத்தான் செலுத்துகிறார். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 258 பவுணிலிருந்து 528 பவுணாக ஏறியபோதும் இருவருக்கும் ஒன்றாகவே ஏறியது. வேண்டுமென்றே அனுமதியில்லாமல் கட்டியதையும் தீர்மானத்தில் கணக்கிலெடுக்கலாம் என்று 2015இல் ஓர் அமைச்சர் அறிக்கை வந்தது. ஆனால் கட்டடம் மற்றபடி ஏற்கத்தக்கதாக இருக்கும்போது அது தராசைச் சாய்ப்பது அபூர்வம். இத்தகைய விண்ணப்பங்களுக்குக் கட்டணத்தை இரட்டிப்பாக்கலாமா என்று 2023இல் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்தே ஏமாற்றியவரும், முந்திய சொந்தக்காரர் கட்டிய அறையை நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் ஒரே தொகையைச் செலுத்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

பழைய கட்டுமானம் என்றால் விஷயமே வேறு. அங்கே பெரும்பாலும் இந்த விண்ணப்பம் தேவையே இல்லை. அனுமதியின்றிக் கட்டிய அறை பெரும்பாலும் முடிந்த நாளிலிருந்து நான்கு வருஷம் கவுன்சில் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் அதன் பிறகு தொட முடியாது என்பதே நெடுங்கால விதி. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அதைப் பத்து வருஷமாக்கினார்கள். அந்தத் தேதிக்கு முன் முடிந்தவற்றுக்கு நான்கு வருஷக் கணக்கே தொடரும். பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய அறைக்குத் தேவைப்படுவது அனுமதி அல்ல, 191ஆம் பிரிவின் கீழான சட்டபூர்வச் சான்றிதழ். இரண்டும் வேறுவேறு பரீட்சைகள். அனுமதிக்கு அழகும் அயலும் பார்க்கப்படும். சான்றிதழுக்கு ஆதாரம் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த அறை பிடிக்கவில்லை என்பது செல்லாது. "இது போன வருஷம்தான் கட்டினது" என்று அவர் சாட்சி சொன்னால்தான் செல்லும். பில்டரின் ரசீது, வானிலிருந்து எடுத்த பழைய படங்கள், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் புதுச் சுவர் தெரியும் தேதியிட்ட புகைப்படம், சொலிசிட்டர் முன் செய்த சத்தியக் கூற்று எல்லாம் இங்கே பேசும். நூறு வீத நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இதை விட்டுவிட்டு, தெரிந்த படிவம் என்பதற்காக அனுமதிப் படிவத்தை நிரப்பித் தரும் ஏஜெண்டுகள் உண்டு. அதனால், கேட்கத் தேவையில்லாத கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலை வாங்கி, அதையும் வீட்டின் பகிரங்கப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

காலம் கடந்தால் மீறல் கரையும் என்ற கொள்கைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. சாட்சி மறையும், வீடு கைமாறும், தெரு பழகிவிடும். ஆனால் அது மௌனமாக இருந்தவருக்குப் பரிசு கொடுக்கிறது. சரே மாவட்டத்தில் ஒரு விவசாயி 2000க்குப் பின் ஒரு கோட்டை வடிவ வீட்டையே கட்டி, வைக்கோல் பொதிகளை அடுக்கித் தார்ப்பாய் மூடி, குடும்பத்தோடு உள்ளே வாழ்ந்தார். 2006இல் பொதிகளை அகற்றி, நான்கு வருஷம் ஆயிற்று என்றார். பொதிகளை அகற்றுவதும் கட்டுமான வேலையின் பகுதியே, ஆகவே வேலை முடிந்ததே அன்றுதான் என்ற முடிவு நீதிமன்றத்திலும் நின்றது. கடைசியில் 2016இல் வீடு இடிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம், திட்டமிட்டு மறைத்தவர் விஷயத்தில் கெடு கடந்த பின்னும் நடவடிக்கைக்கு வழி செய்தது. அது போதுமான திருத்தம் என்பது என் எண்ணம். நான்கைப் பத்தாக்கியது பொய்யரைவிட ஆதாரம் சேர்த்து வைக்காத அப்பாவிகளையே அதிகம் அலைக்கழிக்கும். பத்து வருஷத்தில் பில்டரின் கம்பனி மூடப்பட்டிருக்கும், போன் நான்குமுறை மாறியிருக்கும்.

இவ்வளவும் திட்டமிடல் என்ற ஒரு பாதிதான். மறுபாதியான பில்டிங் கண்ட்ரோலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கவுன்சிலின் திட்டமிடல் சான்றிதழ் கையில் இருக்கலாம், தலைக்கு மேலே உள்ள கூரை ஆபத்தாகவும் இருக்கலாம். 1930களில் கட்டிய ஒட்டு வீட்டில் பின்சுவரை உடைத்துக் குசினியைப் பெருப்பித்தால், மேல்மாடியின் பாரத்தை ஓர் இரும்பு பீம் ஏந்த வேண்டும். அதன் இரு முனைகளும் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பது பிளாஸ்டர்போர்டுக்குள் மறைந்து கிடக்கும். லண்டன் களிமண்ணில் அத்திவாரம் எத்தனை ஆழம் போயிருக்கிறது என்பதும் தரைக்குக் கீழே. கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல் புது டைலுக்கு அடியில் புதைந்திருக்கும். 1985 நவம்பர் 11க்குப் பிந்திய வேலைக்கு, கட்டியபின்னும் கவுன்சிலிடம் ஒழுங்காக்கல் சான்றிதழ் கேட்கலாம். அதிகாரி வந்து போர்டை வெட்டி பீமின் முனையைக் காட்டச் சொல்வார், சுவரோரம் குழி தோண்டச் சொல்வார். புது வாடை போகாத குசினியை உடைக்க யாருக்கு மனம் வரும்?

அங்கேதான் வீட்டுச் சந்தை ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. வீடு விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கடதாசி கேட்பார். விற்பவரின் சொலிசிட்டர் ஒரு காப்புறுதிப் பத்திரத்தை நீட்டுவார். ஒருமுறை பிரீமியம் கட்டினால், கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்தைக் கம்பனி தரும். வழக்கமான நிபந்தனை, இதைப் பற்றிக் கவுன்சிலோடு தொடர்புகொள்ளக் கூடாது என்பது. ஒரு போன் எடுத்திருந்தாலே பத்திரம் கிடைக்காமல் போகலாம். "கவுன்சில்காரரிட்ட வாய் திறந்திடாதேங்கோ" என்று நம் பெரியவர்கள் சொல்வது பயத்தால் மட்டுமல்ல. பத்திரத்தின் நிபந்தனையும் அதையேதான் சொல்கிறது. இந்தக் காப்புறுதி வங்கியைத் திருப்திப்படுத்தும், விற்பனையைக் கெடுவுக்குள் முடிக்கும். பீம் இறங்கினால் அதைத் திருத்தும் செலவை அது தராது. பாதுகாப்பைச் சோதிக்கக்கூடிய ஒரே பகிரங்க அமைப்பிடம் கேட்காமல் இருப்பதற்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இது. கட்டட ஒழுங்குவிதி மீறலுக்கான அறிவித்தல் கெடுவை, கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2023 அக்டோபரில் ஒரு வருஷத்திலிருந்து பத்து வருஷமாக நீட்டினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கெடு நீள நீள, கேட்காதே என்று சொல்லும் பத்திரத்துக்குத்தான் கிராக்கி கூடும்.

மாற்றவேண்டியது பின்னனுமதியை அல்ல, அது இருக்கட்டும். பில்டிங் கண்ட்ரோலிடம் பாதுகாப்புக் குறித்து விசாரித்ததற்காகப் பத்திரம் செல்லாமல் போகக்கூடாது என்று ஒரு விதி வேண்டும். ஒழுங்காக்கல் கேட்டு வருபவரிடம் கண்டுபிடித்த குறையைத் திருத்த அவகாசம் தரவேண்டும், அறிவித்தலோடு தொடங்கக்கூடாது. இவை வரும்வரை, பழைய அறையோடு வீடு வாங்குபவர் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தனிப்பட அழைத்து பீமின் முனைகளைப் பார்க்கச் சொல்லலாம். அவர் கவுன்சிலின் ஆள் அல்ல என்பதால் பொதுவாகப் பத்திரத்துக்கும் பங்கம் வராது. போர்டில் அவர் வெட்டும் ஓட்டையை ஒரு பிளாஸ்டரர் அரைநாளில் மூடிவிடுவார்.